விடுபட்ட தொழுகையும் மீட்கும் நெறியும்

முன்னுரை

காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு ஆகிய ஐந்து ஆறுகளின் தொடர்பால் திருவையாறு அப்பெயர் பெற்றது என்பர். ஆற்றங்கரையில் வாழும் நம் பகுதி மக்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமை ஒன்று எளிதில் விளங்கும். ஒருவரது வீட்டு வாசலில் ஆறு ஓட, அதில் அவர் நாள்தோறும் ஐந்து முறை நீராடி வந்தால் உடலில் அழுக்கு எஞ்சுமா என அண்ணலார் தோழர்களிடம் வினவினார்கள். எஞ்சாது எனத் தோழர்கள் விடையிறுத்தனர். ஐவேளைத் தொழுகையும் அவ்வாறே பாவங்களைப் போக்குகிறது என அண்ணலார் விளக்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது.

வாசலில் ஆறு ஓடியும் நீராடாதிருந்தவரின் நிலை யாது? அவர் மீண்டும் துறையில் இறங்குவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு மார்க்கம் தரும் விடையை இக்கட்டுரையில் காண்போம்.

தவறுதலும் புறக்கணித்தலும்

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் உணர்த்தும் உண்மை. அந்நேரத்திற்குள் நிறைவேற்றுவது ‘அதா’ எனப்படும். நேரம் கடந்தபின் நிறைவேற்றுவது ‘களா’ எனப்படும்.

உறக்கத்தாலும் மறதியாலும் தொழுகை விடுபடுவது வேறு. நேரம் வந்ததை அறிந்தும் அதனைக் கடக்க விடுவது வேறு. முன்னதில் குற்றமில்லை. பின்னது பெரும் பாவம். அல்மாஊன் அத்தியாயம் தம் தொழுகையில் பராமுகமாய் இருப்போரைக் கடுமையாக எச்சரிக்கின்றது. மர்யம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் தொழுகையைப் பாழாக்கிய பின்தோன்றல்களைக் கண்டிக்கின்றது. ஆயினும் அதனை அடுத்த வசனமே, பாவமன்னிப்புக் கோரி மீண்டு நல்லறம் புரிவோருக்குச் சுவனத்தின் வாயிலைத் திறந்து வைக்கின்றது. எச்சரிக்கைக்கும் நம்பிக்கைக்கும் இடையே ஒரு வசனத்தின் தொலைவுகூட இல்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

அண்ணலார் வாழ்வில் இரு நிகழ்ச்சிகள்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் (கி.பி. 627) மதீனாவைக் காக்க நிகழ்ந்தது அகழ்ப்போர். அப்போரின் நெருக்கடியில் ஒரு நாள் அஸர் தொழுகையின் நேரம் கடந்து கதிரவன் மறைந்தது. உமர் (ரலி) அவர்கள் குறைஷியரை ஏசியவாறு வந்து, தாம் அஸரைத் தொழுவதற்குள் கதிரவன் மறையும் நிலைக்கு வந்துவிட்டதைக் கூறினார்கள். தாமும் இன்னும் தொழவில்லை என அண்ணலார் மொழிந்தார்கள். பின்னர் அனைவரும் புத்ஹான் என்னும் பள்ளத்தாக்கிற்குச் சென்று உளூச் செய்து, முதலில் அஸரையும் அதன்பின் மஃரிபையும் தொழுதனர்.

மற்றொன்று ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபரிலிருந்து திரும்பும் வழியில் நிகழ்ந்தது. இரவின் பிற்பகுதியில் படையினர் இளைப்பாறினர். விழித்திருந்து வைகறையை அறிவிக்கும் பொறுப்பைப் பிலால் (ரலி) ஏற்றார்கள். களைப்பு மிகுதியால் அவர்களும் கண்ணயர்ந்துவிட, வெயில் மேலே பட்ட பின்னரே அனைவரும் விழித்தனர். அண்ணலார் பிலாலைக் கடிந்து ஒதுக்கவில்லை. அவ்விடத்தை விட்டுச் சற்று அகன்று, உளூச் செய்து, கூட்டாகவே ஃபஜ்ரைத் தொழவைத்தார்கள். மறந்தவரும் உறங்கியவரும் நினைவு வந்ததும் தொழவேண்டும் என்ற நெறி இதனால் நிலைபெற்றது.

தொழுகை விடுபட்ட அந்நாளில் புலம்பலும் இல்லை, அலட்சியமும் இல்லை. நினைவு வந்தவுடன் செயல் தொடங்கியது. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.

மத்ஹபுகள் வகுத்த நெறி

வேண்டுமென்றே விட்ட தொழுகையையும் களாச் செய்தல் கடமை என்பது நான்கு மத்ஹபுகளின் முடிவு. மறந்தவரே களாச் செய்யவேண்டும் எனில், அறிந்தே விட்டவர் எங்ஙனம் விலக்குப் பெறுவார் என்பது அவர்கள் வாதம். இப்னு ஹஸ்ம், இப்னு தைமிய்யா ஆகியோர் அத்தகைய தொழுகையை மீட்க இயலாது. தவ்பாச் செய்து உபரித் தொழுகைகளைப் பெருக்கவேண்டும் என்றனர். விட்டவர் வாளாவிருக்கலாம் என்று எத்தரப்பாரும் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

நம் மாவட்டங்களின் உட்பகுதிகளில் ஹனஃபிகளும், நாகூர், அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் பெரும்பான்மையினர். களாவாகிய தொழுகைகள் ஐந்தோ அதற்குக் குறைவோ எனில் வரிசை முறைப்படி தொழுவது ஹனஃபிகளுக்குக் கட்டாயம். ஆறாகிவிட்டால் அக்கட்டாயம் நீங்கும். ஷாஃபிஈகளுக்கு வரிசை சுன்னத்து மட்டுமே. கதிரவன் உதிக்கும்போதும் உச்சியில் இருக்கும்போதும் மறையும்போதும் ஹனஃபிகள் களாத் தொழுவதில்லை. ஷாஃபிஈகளுக்கு அத்தடை இல்லை. வித்ரு தொழுகையையும் களாச் செய்வது ஹனஃபிகளின் வழக்கம். மாதவிடாய்க் காலத்தில் விடுபட்ட தொழுகைகளைப் பெண்கள் மீட்க வேண்டியதில்லை. நோன்புகளையே மீட்கவேண்டும் என்பது ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் பெற்ற சட்டம்.

இத்தகைய சட்டங்களைப் பாமரரும் அறியவேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் தாய்மொழியில் நூல் செய்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் இயற்றிய ‘ஃபத்ஹுத் தய்யான்’ அவ்வகையில் குறிப்பிடத்தக்க ஷாஃபிஈ சட்ட நூலாகும்.

கணக்கும் தீர்வும்

பல்லாண்டுகளாகத் தொழாத ஒருவர் பள்ளிவாசலுக்கு வரத் தயங்குவதற்கு, சோம்பலினும் நாணமே பெருங்காரணமாக அமைவதுண்டு. இத்தனை ஆண்டுக் கடனை இனி அடைப்பது எப்போது என்ற மலைப்பு, இன்றைய தொழுகையையும் அவரிடமிருந்து பறித்துவிடுகின்றது.

அம்மலைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓராண்டின் பர்ளுத் தொழுகைகள் 1,825. நாளொன்றுக்கு 17 ரக்அத் வீதம் 6,205 ரக்அத்துகள். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றலாம். ஆயினும் ஒவ்வொரு வேளையும் அவ்வேளைத் தொழுகையுடன் அதே வேளையின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுதால், ஓராண்டின் கடன் ஓராண்டிலேயே தீர்ந்துவிடும். கல்லூரியில் மூன்றாண்டுகள் தொழாமற் கழித்தவர் அடுத்த மூன்றாண்டுகளில் கடனற்றவர் ஆகலாம். எண்ணிக்கை நினைவில்லாதவர், மனம் நிறைவடையும் அளவிற்கு மதிப்பிட்டு, தம்மீதுள்ள களாவான ஃபஜ்ருகளில் முதலாவது என்றாற்போல் நிய்யத்துச் செய்துகொள்ளலாம்.

ரமலானின் கடைசி வெள்ளியன்று நான்கு ரக்அத் தொழுதால் வாழ்நாள் களா முழுதும் தீரும் என்னும் நம்பிக்கை சிலரிடம் உண்டு. ‘களா உமரீ’ எனப்படும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும் செய்தி புனையப்பட்டது என முல்லா அலீ காரீ போன்ற அறிஞர்கள் மறுத்துள்ளனர். கடனுக்குக் குறுக்கு வழி இல்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. திறப்புத் தள்ளிப்போகும் ஆண்டுகளில் குறுவை கைநழுவும். அதற்காக உழவர் வயலைத் தரிசாக விட்டுவிடுவதில்லை. சம்பாவுக்கு நாற்று விடுகிறார். போன குறுவை போனதுதான். உரிய நேரத் தொழுகையின் சிறப்பும் அத்தகையதே. எனினும் வயலைக் கைவிடாதவருக்கே அடுத்த விளைச்சல் உண்டு.

வேலைப்பளு தொழுகையை விடுவதற்குரிய காரணம் ஆகாது. நடவு நாளிலும், கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துக் காத்திருக்கும் பொழுதிலும், உளூவுக்கு வாய்க்கால் நீர் உண்டு. நெற்றி வைக்க நிலமும் உண்டு. பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது என்பது அண்ணலார் வாக்கு.

நிறைவுரை

மாணவமணிகளே! கைப்பேசியே பாங்கு ஒலிக்கும் காலம் இது. நேரம் தெரியவில்லை எனக் கூற இயலாது. நேற்றைய கடனுக்கு அஞ்சி இன்றைய தொழுகையை இழந்துவிடாதீர்கள். இன்றைய வேளையை முதலில் காத்து, அதனுடன் பழைய வேளை ஒன்றைச் சேருங்கள்.

ஜமாஅத்துப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நெடுநாள் கழித்துப் பள்ளிவாசல் படியேறும் இளைஞரிடம், இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் எனக் கேட்காதீர்கள். அவ்வொரு வினா அவரை மீண்டும் பல்லாண்டுகள் விலக்கி வைத்துவிடக் கூடும். வரிசையில் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள், அதுவே போதுமானது.

விடுபட்டவற்றை மீட்கவும் வருபவற்றைப் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.