மீன்பிடிக்குப் பருவமும் உரிமமும்: டிரவுட் ஓடை தரும் பாடம்

நெல்லுக்கு நாற்று விடும் பட்டம் இருப்பதுபோல மீனுக்கும் பிடிக்கும் பட்டம், பிடிக்கக் கூடாத பட்டம் என்று இரண்டு உண்டு. ஏரி, கண்மாய் உள்ள ஊர்களில் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஏலம் எடுத்தவர் நினைத்தபோது வலை இறக்குகிறார். முதல் மழை பெய்த மறுநாள் ஓடை வாயில் எதிரேறி வரும் சினைமீனை ஊரே கூடிப் பிடிக்கிறது. அடுத்த ஆண்டு "கண்மாயில் மீனே இல்லை" என்று குறைப்படுகிறோம்.

மீன்பிடிக்குப் பருவமும் உரிமமும் வகுத்து, அவற்றைக் காலத்துக்கேற்பத் திருத்தியும் வருவதில் நீண்ட அனுபவம் கிடைத்திருப்பது டிரவுட் மீனில். இது குளிர்ந்த மலை ஓடைகளின் மீன். சமவெளி உழவர்கள் இதை வளர்க்க இயலாது. ஆயினும் இந்த மீனுக்கு வகுத்த விதிகளின் காரணத்தை அறிந்துகொண்டால், நம் ஊர் நீர்நிலைக்கு எந்த விதி பொருந்தும், எது பொருந்தாது என்பது விளங்கும்.

மீனின் தன்மை

டிரவுட்டில் முக்கியமானவை இரண்டு. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் காஷ்மீர் ஓடைகளில் பழுப்பு டிரவுட் 1900-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டைப் பெருக்கினார்கள். நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் அதற்கு முன்பே, 1879-இல் வந்துவிட்டது.

டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமுள்ள, பிராணவாயு நிறைந்த ஓடும் நீர் உகந்தது. நீர் 20 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறைகிறது. 25 டிகிரியை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து.

முட்டையிடும் முறையும் கவனிக்கத்தக்கது. பெண்மீன் ஓடையின் அடித்தரையில் உள்ள கூழாங்கற்களை வாலால் அடித்து விலக்கிப் பள்ளம் பறிக்கிறது. அதில் முட்டையிட்டு, மீண்டும் கல்லால் மூடுகிறது. பழுப்பு டிரவுட்டின் முட்டை 10 டிகிரி நீரில் பொரிக்கச் சுமார் 40 நாட்கள் ஆகும். 5 டிகிரி நீரில் அதைப்போல் இரு மடங்கு நாட்கள் ஆகும். பொரித்த குஞ்சும் மஞ்சள் கருப்பையைச் சுமந்தபடி சில வாரங்கள் கல்லிடுக்கிலேயே தங்கியிருக்கும். இந்த நாட்களில் ஓடைக்குள் இறங்கி நடப்பவரின் காலடியிலேயே முட்டைகள் நசுங்கிவிடும். தூண்டில் போடாவிட்டாலும் சேதம் உண்டு. ஓடையையே மூடி வைப்பது இதனால்தான்.

ஒரே மாநிலம், இரண்டு தடைக்காலம்

இமாசலப் பிரதேசத்தில் டிரவுட் வாழும் மேல்மலை ஓடைகளில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய நான்கு மாதம் மீன் பிடிக்கத் தடை. டிரவுட் முட்டையிடுவதும் குஞ்சு கல்லிடுக்கில் கிடப்பதும் இந்தக் குளிர்காலத்தில்தான்.

அதே மாநிலத்தின் தாழ்ந்த ஆறுகளிலும் அணைகளிலும் தடைக்காலம் மழைப் பருவத்தில் வருகிறது. அங்கே உள்ளவை கெண்டை இனங்களும் மகசீர் போன்ற மீன்களும். அவை மழைவெள்ளத்தில் சினை விடுபவை. முன்பு ஜூன், ஜூலை மாதங்களில் இருந்த இந்தத் தடையை அண்மை ஆண்டுகளில் ஜூன் 16 முதல் ஆகஸ்டு 15 வரை என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒரே மாநிலம், ஒரே துறை. ஆனாலும் மேலே குளிர்காலத் தடை, கீழே மழைக்காலத் தடை. டிரவுட்டின் தேதியைத் தாழ்ந்த ஆற்றுக்கு வைத்தால் கெண்டைக்குப் பாதுகாப்பில்லை. கெண்டையின் தேதியை மேல் ஓடைக்கு வைத்தால் டிரவுட்டுக்குப் பாதுகாப்பில்லை. தடைக்காலம் என்பது அந்த நீரில் வாழும் அந்த மீனின் சினைக்காலம். பிற இடத்துத் தேதியைக் கடன் வாங்குவதில் பயனில்லை.

இருப்பு விட்ட மீனுக்கு வேறு கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே பல ஓடைகளில் பண்ணையில் வளர்த்த டிரவுட்டை ஆண்டுதோறும் 30 லட்சத்துக்கு மேல் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி இருப்பு விடும் ஓடைகளைப் பிப்ரவரி பிற்பகுதி முதல் பருவத் தொடக்க நாள் வரை மூடி வைக்கிறார்கள். விட்ட மீன் ஓடையில் பரவி நிலைகொள்ள வேண்டும், முதல் நாளன்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தடை. சினைப் பாதுகாப்பு இதன் நோக்கமன்று.

முன்பு அங்கே இரண்டு தொடக்க நாட்கள் இருந்தன. சீக்கிரம் வெயில் ஏறும் தென்கிழக்குப் பகுதியின் 18 மாவட்டங்களுக்கு ஒரு நாள், மற்றப் பகுதிக்கு இரு வாரம் கழித்து ஒரு நாள். கொரோனா தொற்றுக் காலமான 2020, 2021 ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் ஒரே நாள் வைத்தார்கள். 2022 முதல் ஏப்ரல் மாத முதல் சனிக்கிழமையே எல்லாப் பகுதிக்கும் தொடக்க நாள் என்று நிலைப்படுத்திவிட்டார்கள். இருப்பு விட்ட மீனுக்கு உரிய தேதியை நிர்வாக வசதிக்காகச் சற்று முன்பின் நகர்த்தலாம். ஓடையிலேயே பிறக்கும் மீனின் சினைக்காலத்தை எந்த நிர்வாகமும் நகர்த்த முடியாது.

நியூயார்க் மாநிலத்தில் 2022-இல் வந்த திருத்தம் இன்னொரு வகை. ஓடைகளில் அக்டோபர் 16 முதல் மார்ச் 31 வரை டிரவுட்டைத் தூண்டிலில் பிடிக்கலாம், ஆனால் உடனே உயிருடன் விட்டுவிட வேண்டும். மண்புழு போன்ற இரை கூடாது; செயற்கை இரை மட்டுமே உண்டு. உயிர் இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும், பிறகு விட்டாலும் பிழைப்பது அரிது என்பதே காரணம். மான்டானா மாநிலத்தில் கோடையில் ஆற்று நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை அந்த ஆற்றை மூடிவிடுகிறார்கள். வெப்பமானியைப் பார்த்து விதியை நடத்துகிறார்கள்.

உரிமம் எதற்கு?

பென்சில்வேனியாவில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர் பொதுவான மீன்பிடி உரிமத்துடன் டிரவுட்டுக்கெனத் தனி அனுமதியும் வாங்க வேண்டும். பருவத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 5 மீன் எடுக்கலாம். மீன் 7 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 18 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பருவம் கழிந்த மாதங்களில் 3 மீன்தான்.

உரிமத்தால் மூன்று நன்மைகள் உண்டு. எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்ற கணக்குத் தெரிகிறது. கட்டணப் பணம் குஞ்சு விடவும் காவலுக்கும் பயன்படுகிறது. விதி மீறியவரின் உரிமத்தை ரத்து செய்ய முடிகிறது.

நம் கண்மாய்களில் நடைமுறையில் உள்ளது குத்தகை. நீர்நிலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அதற்கேற்ப ஊராட்சியோ அரசுத் துறையோ மீன்பாசிக் குத்தகை விடுகிறது. குத்தகைதாரர் முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டிவிடுகிறார். குத்தகைக் காலம் குறுகியதாக இருந்தால், முடிவதற்குள் கடைசி மீனையும் வழித்தெடுக்கவே அவர் மனம் செல்லும். அடுத்த ஆண்டுக்குச் சினைமீனை விட்டுவைத்தால் அதன் பலன் வேறொருவருக்கு அல்லவா போகும்? குத்தகையில் நிபந்தனை எழுதாத ஊர், மீனைக் காக்க ஆளில்லாத ஊர்.

நம்மவர்க்கு இது புதிதன்று

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களில் கோடையில் மீன்பிடித் திருவிழா நடப்பதை அறிவீர்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை எவரும் நீரில் இறங்குவதில்லை. அறுவடை முடிந்து, பாசனத்துக்குத் தண்ணீர் தேவைப்படாத நாளாகப் பார்த்துத்தான் வீசுவார். சில ஊர்களில் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. தொடக்க நாள், உரிமக் கட்டணம், கருவிக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன.

நம் கடலிலும் இந்த முறை உள்ளது. தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாளாயிற்று. அங்கும் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று இரு வேறு தேதிகள்.

உங்கள் கண்மாயில் எந்த மீன்?

தேதி குறிக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இங்கே உள்ள மீன் இங்கேயே பிறந்ததா, கொண்டுவந்து விட்டதா?

கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை தேங்கிய கண்மாய் நீரில் இனம் பெருக்குவதில்லை. அவற்றுக்கு ஓடும் வெள்ளம் வேண்டும். ஒடிசாவில் 1957 ஜூலை 10 அன்று கெண்டைக்குச் சுரப்பி ஊசி போட்டுச் சினை விடச் செய்த பிறகுதான், குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் தயாரித்து எல்லா ஊருக்கும் தரும் வழி பிறந்தது. ஆகவே இவற்றுக்கு வேண்டியது வளரும் காலத் தடை. விரலளவுக் குஞ்சாக விட்டது முதல், நல்ல எடைக்கு வரும் வரை சிறுகண் வலையை இறக்கக் கூடாது. தீவனமும் நீரும் போதுமானால் ஏழெட்டு மாதத்தில் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை வளரும்.

நாட்டு மீன்களான விரால், கெளுத்தி, அயிரை, சிறு கெண்டை வகைகள் இங்கேயே பிறப்பவை. புதுவெள்ளம் வந்ததும் இவற்றில் பல, ஓடையிலும் வரத்துக்காலிலும் எதிரேறிச் சினை விடும். விரால் கரையோரச் செடிகளிடையே சினை விட்டு, தாயும் தந்தையும் காவல் நிற்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், பார்ப்பு என்பர். அந்த நேரத்தில் காவல் நிற்கும் பெரிய மீனைத் தூண்டிலில் எடுத்தால், கூட்டம் முழுவதும் பிற மீனுக்கும் பறவைக்கும் இரையாகிவிடும். இவற்றுக்கு வேண்டியது டிரவுட்டுக்கு இருப்பது போன்ற சினைக்காலத் தடை. அதைப் புதுவெள்ளம் வரும் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

குத்தகையில் எழுத வேண்டியவை

ஏலத்துக்கு முன்பே ஊர்க் கூட்டத்திலோ, பாசன சங்கத்திலோ பேசி, கீழ்க்கண்டவற்றை நிபந்தனையாகச் சேர்க்கும்படி குத்தகை விடும் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

1. புதுவெள்ளம் வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு வரத்துக்கால், ஓடை வாய், கலிங்கு ஆகிய இடங்களில் வலை, பரி, ஊத்தா எதுவும் கூடாது.

2. குஞ்சு விட்ட தேதியையும் எண்ணிக்கையையும் எழுதி, இரண்டு ஆயக்கட்டுதாரர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

3. முதல் பிடிப்புக்குரிய குறைந்தபட்ச எடையையும், வலைக்கண் அளவையும் குறிப்பிட வேண்டும். கொசுவலை போன்ற வலைகளுக்கு இடமில்லை.

4. வெடியோ விஷமோ போட்டு மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். மீறினால் குத்தகை ரத்து என்று எழுத வேண்டும்.

5. மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்து நீரை வெளியேற்றக் கூடாது. மடைச் சாவி பாசனப் பொறுப்பாளரிடமே இருக்க வேண்டும்.

6. கண்மாயின் ஆழமான பள்ளம் ஒன்றைச் சினைமீன் தங்கும் இடமாக வலைபடாமல் விட வேண்டும். அடுத்த மழைக்கு விதைமீன் அதுவே.

7. குத்தகைக் காலம் ஓராண்டுக்கு மேற்பட்டு இருப்பது நல்லது. நாளைய பலனும் தனக்கே என்றால்தான் குத்தகைதாரர் விட்டுப் பிடிப்பார்.

இவற்றுள் ஐந்தாவது நிபந்தனை சிறு விவசாயிக்கு மிக முக்கியம். நெல் பால் பிடிக்கும் தறுவாயில் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் போனால் கதிர் பதராகும். மீனுக்காக மடை திறந்து, கடைமடைக்காரர் பயிரை இழக்கும் நிலை வரக் கூடாது. மீனுக்கும் பயிருக்கும் இதில் பகையில்லை. தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனை நாள் மீனும் வளரும், பயிரும் பிழைக்கும்.

விதியை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஆண்டுதோறும் வெள்ளம் வந்த தேதி, சினைமீன் ஏறிய நாள், பிடித்த மீனின் எடை, நீர் வற்றிய நாள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மூன்று ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால் உங்கள் கண்மாயின் பருவம் எது என்று தெரிந்துவிடும். அடுத்த ஏலத்தில் தேதியைத் திருத்தலாம். டிரவுட் ஓடைகளின் விதிகளையும் இப்படிக் கணக்கு வைத்துத்தான் திருத்துகிறார்கள்.

நீலகிரியில் டிரவுட் உள்ள நீர்நிலைகள் பலவும் காட்டுப் பகுதியில் அடங்கியவை. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கு நுழைவதோ, தூண்டில் போடுவதோ கூடாது. கண்மாயில் குஞ்சு விடுதல், வலைக்கண் அளவு பற்றிய விவரங்களுக்கு உங்கள் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகிப் பயன் பெறலாம்.