வீட்டில் தைக்கும் ரீசேர்ட்

எங்கள் வீடுகளில் தையல் மெசின் இல்லாத வீடு குறைவு. உம்மாமார் சல்வார் தைப்பார்கள், அபாயா தைப்பார்கள், பாடசாலைச் சீருடையும் தைப்பார்கள். ரீசேர்ட் என்றதும் மட்டும், "அது கார்மென்ற் வேலை, வீட்டில் சரிவராது" என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் தம்பிமார் இருவருக்கும் ரீசேர்ட் வாங்குவதே பெரிய செலவாகிவிட்டது. எனக்கு வேண்டியதோ மணிக்கட்டு வரை கையும், முழங்காலை நெருங்கும் நீளமும் உள்ள ரீசேர்ட். அது கடைகளில் இலகுவில் கிடைப்பதில்லை. ஆகவே தைத்துப் பார்க்கத் துணிந்தேன். கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஜேர்சித் துணி என்றால் என்ன?

சேர்ட்டுத் துணி நெய்யப்படுவது. அதில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஆகவே அது அதிகம் நீளாது. ஜேர்சித் துணி பின்னப்படுவது. நூல் கண்ணி கண்ணியாக ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்பட்டிருக்கும். இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் சுருங்கும். கம்பளி நூற் பின்னலுக்குப் பெயர்பெற்ற ஜேர்சித் தீவின் பெயரே இத்துணிக்கு நிலைத்தது. கையால் பின்னிய வேலையை இயந்திரத்துக்கு மாற்றியவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ; ஆண்டு 1589. தமிழ்நாட்டின் திருப்பூர் இன்று பனியன் நகரம் எனப் புகழ்பெற்றிருக்கிறது. அங்கே 1925 இல் பின்னல் தொழிலைத் தொடங்கிய முன்னோடி குலாம் காதர் என்ற முஸ்லிம் வணிகர்.

எமது நாட்டில் 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியபின் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே ஒரு சகோதரி தோளை மட்டும் தைப்பார். இன்னொருவர் கழுத்தை மட்டும். வீட்டில் தைக்கும் நாம் எல்லாவற்றையும் செய்கிறோம். வேகம் குறையும்; ஆனால் முழு ஆடையும் எமக்கு விளங்கும்.

துணி வாங்குதல்

தொழிற்சாலைகளில் மிஞ்சும் துணி கடைகளில் கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. சதுர மீற்றருக்கு 180 கிராம் நிறையுள்ள, 150 சென்ரிமீற்றர் அகலமான துணியில் ஒரு கிலோ ஏறத்தாழ 3.7 மீற்றர் நீளம் வரும். அரைக்கை வைத்த பெரியவர் ரீசேர்ட் ஒன்றுக்கு 80 சென்ரிமீற்றர் போதும். அதாவது ஒரு கிலோவில் நான்கு ரீசேர்ட். கிலோவின் விலையை நான்கால் வகுத்து, கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுக்கையும் கூடிய நீளமும் வேண்டுமென்றால் ஒரு மீற்றருக்கு மேல் தேவைப்படும்.

வாங்கும்போது துணியை அகலவாட்டில் இழுத்து விடுங்கள். உடனே பழைய நிலைக்குத் திரும்பாத துணியை வாங்க வேண்டாம். பருத்தி ஜேர்சி சுருங்கும். ஆகவே வெட்டுவதற்கு முன்பே ஒரு தடவை கழுவி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள்.

வெட்டுதல்

அளவாக இருக்கும் பழைய ரீசேர்ட் ஒன்றை நடுவில் மடித்துப் பத்திரிகைத்தாளில் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். முன்கழுத்து, பின்கழுத்து, கை என ஒவ்வொன்றுக்கும் தனியாக வரையுங்கள். தையலுக்கு 1 சென்ரிமீற்றரும், கீழ்மடிப்புக்கு 2.5 சென்ரிமீற்றரும் கூட்டி வெட்டுங்கள்.

துணியின் நல்ல பக்கத்தில் சிறு சிறு 'வி' வடிவங்கள் நிரையாகத் தெரியும். துணி அதிகம் நீளும் திசை உடம்பைச் சுற்றி வரவேண்டும். இது மாறினால் ரீசேர்ட் தலைக்குள் நுழையாது. மேசையின் ஓரத்தில் துணியைத் தொங்கவிட்டு வெட்டவேண்டாம். பாரத்தில் துணி நீண்டுவிடும்.

தைத்தல்

சாதாரண ஊசியின் கூர் கண்ணியை அறுத்து ஓட்டை விழச் செய்யும். முனை மழுங்கிய ஜேர்சி ஊசியைக் கேட்டு வாங்குங்கள். 11 அல்லது 12 ஆம் இலக்கம் பொருந்தும். நூல் பொலியெஸ்ரராக இருக்கட்டும். சிக்சாக் தையலில் அகலம் 1, நீளம் 2.5 மில்லிமீற்றர் வையுங்கள். ஜேர்சி நூல் பிரியாது. ஆகவே ஓவர்லொக் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

1. முதலில் தோள் இரண்டையும் தையுங்கள். நீளாத நாடாத் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் தோள் தொங்காது.
2. கழுத்துப் பட்டி: கழுத்தின் சுற்றளவை அளந்து அதில் 85 வீதத்தை எடுங்கள். கழுத்து 50 சென்ரிமீற்றர் என்றால் பட்டி 42.5, தையலுக்கு 2 கூட்டி 44.5. அகலம் 5. இதை வளையமாகத் தைத்து, நீளவாட்டில் இரண்டாக மடித்து, பட்டியையும் கழுத்தையும் நான்காகப் பிரித்துக் குண்டூசி குத்துங்கள். பட்டியை மட்டும் மெதுவாக நீட்டித் தையுங்கள்.
3. பக்கங்களை மூடுவதற்கு முன் கைகளை இணையுங்கள்.
4. கையின் ஓரத்திலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தைத் தையுங்கள்.
5. கீழ்மடிப்பை அயன் பண்ணி மடித்து, அகன்ற சிக்சாக் போடுங்கள்.

சிக்சாக் இல்லாத பழைய மிதிமெசினும் போதும். தோளையும் பக்கங்களையும் நேர்த்தையலில் முடித்து, கழுத்துப் பட்டியைக் கையால் பின்தையல் போடுங்கள். பின்தையல் துணியோடு சேர்ந்து ஓரளவு நீளும்.

நான் விட்ட பிழை

முதல் ரீசேர்ட்டை நேர்த்தையலிலேயே முழுதும் தைத்தேன். தம்பி தலையை நுழைத்ததும் கழுத்து நூல் 'டப், டப்' என்று அறுந்தது. இரண்டாவதில் அவசரப்பட்டுத் துணியைப் பின்னாலிருந்து இழுத்தேன். கீழ்மடிப்பு அப்பளம் போல நெளிந்தது. அப்போது எங்கள் தெல்லிப்பழை வீட்டுக்குப் பக்கத்து அன்ரிதான் வந்து பார்த்தார். "பிள்ளை, நீ துணியை இழுக்காதை. மெசின் தானாக் கொண்டுபோகும். நீ வழி மட்டும் காட்டு" என்றார். மூன்றாவது ரீசேர்ட் நேராக வந்தது.

அன்ரி தையல் பழகியது மல்லாகத்து நலன்புரி முகாமில். போரில் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது அவருடைய வீடும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. முகாமில் பிறர் உடுப்பைத் தைத்தே பிள்ளைகளைப் படிப்பித்தாராம். உம்மா அதைக் கேட்டு, தன் வாப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். 1990 ஒக்டோபர் 30 அன்று எம்மவர்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டபோது மெசின் கடையிலேயே நின்றுவிட்டது. புத்தளத்தில் இன்னொருவரின் மெசினில் கூலிக்குத் தைத்துக் குடும்பத்தைக் காத்தார். "மெசினைத்தான் விட்டுவிட்டு வந்தார், தொழிலை இல்லை" என்றார் உம்மா. அன்று மாலை இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தேன்.

அன்பான பெற்றோரே, இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய வேலை என்று எண்ண வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சிறு பிள்ளையின் ரீசேர்ட் ஒன்றோடு தொடங்குங்கள். பிழைத்தாலும் நட்டம் குறைவு. என் சின்னத் தம்பிக்கு இப்போது குண்டூசி குத்தத் தெரியும். வரும் விடுமுறையில் அவனுடைய ரீசேர்ட்டின் பக்கங்களை அவனே தைக்கப் போகிறான், இன்ஷா அல்லாஹ்.