காம் தண்டின் தாங்கிமூடிகள்

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுவது ஏனென்று வியப்போர் சிலர் இருத்தல் கூடும். எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் பலர் இன்று கராச்சுகளிலே தொழில் செய்கின்றனர். அவர்கள் கைக்கு எட்டும் செய்முறை நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. படத்தைப் பார்த்து ஊகித்து வேலை செய்வோர்க்கு அவ்வூகம் பெரிதும் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. காம் தண்டைத் தாங்கும் மூடிகளை மீளப் பூட்டும் இடமே அது. அதனை மாத்திரம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்திலே திறப்பது காம் தண்டு. அதன்மேல் முட்டை வடிவான மேடுகள் உள. தண்டு சுழலுங்கால் மேட்டின் மூக்கு வால்வை அழுத்தித் திறக்கும். மூக்கு விலகியதும் சுருள்வில் அதனை மூடும். முன்னாளில் யாழ்ப்பாணத் தெருக்களில் நிறைந்திருந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகிய வண்டிகளில் இத்தண்டு எஞ்சினின் அடிக்கட்டையினுள்ளே கிடந்தது. வால்வுகள் தள்ளுகோல்களின் வழியாக இயங்கின. 1990 ஆம் ஆண்டின் பின் பெற்றோல் வரவு தடைப்பட்டிருந்த காலத்தில் அவ்வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடச்செய்த கைகளின் திறமையை யாவரும் அறிவர். ஆயினும், சிலிண்டர்த் தலையைக் கழற்றிப் பூட்டும்போது காம் தண்டைத் தொடவேண்டிய தேவை அக்கைகளுக்கு இருந்ததில்லை. பின்வந்த யப்பானிய வண்டிகளில் தண்டு தலைமேல் ஏறிவிட்டது.

உதாரணமாக, ரொயோட்டா நிறுவனத்தார் 1987 ஆம் ஆண்டு முதல் கொறோலா முதலிய வண்டிகளுக்கு அமைத்த 4ஏ-எப்ஈ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இதன் தலையில் இரண்டு காம் தண்டுகள் உள. ஒவ்வொரு தண்டையும் ஐந்து மூடிகள் பிடித்திருக்கின்றன. மூடிக்கு இரண்டு போல்ட்டுகள். தண்டு கிடக்கும் வட்டத்துளையின் கீழ்ப்பாதி சிலிண்டர்த் தலையிலும் மேற்பாதி மூடியிலும் அமைந்துள்ளன. தனியான தாங்கிச் செப்புகள் இல்லை. அலுமினிய உலோகமே தாங்கியாகின்றது.

இங்கேதான் ‘மூடி’ என்னும் சொல் எம்மை ஏமாற்றுகின்றது. பானை மூடியை ஒத்த அளவுள்ள வேறொரு பானைக்கும் இடலாம். இம்மூடியோ அத்தகையதன்று. தொழிற்சாலையிலே முதலில் ஐந்து மூடிகளையும் தலைமேல் இறுகப் பூட்டி, அதன் பின்னரே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துளையைக் கடைகின்றனர். ஆகவே ஒவ்வொரு மூடியும் தன் இடத்துத் துளையின் மறுபாதியாகும். மூன்றாம் மூடியும் நான்காம் மூடியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கடைந்த துளையின் மையம் இம்மியளவேனும் வேறுபடும். தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே எண்ணெய் நிற்கவேண்டிய வெளி 0.035 முதல் 0.072 மில்லிமீற்றர் வரையே. இது ஒரு தலைமயிரின் பருமன் அளவினது. இவ்வளவிலே இம்மியும் பெரிதே. மூடிகளைத் தனியே வாங்கவும் பொதுவாக இயலாது. ஒன்று கெட்டால் தலை முழுவதும் கெட்டதாகும்.

வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு நேர்ந்ததை அறிவோம். அவருடைய வண்டியைப் பழுதுபார்த்த இடமொன்றில் இரண்டு மூடிகள் இடம்மாறிப் பூட்டப்பட்டன. எஞ்சின் ஓடியது; குறையேதும் தெரியவில்லை. சில நாட்களில் எண்ணெய்ப்படலம் அறுந்து, அலுமினியம் தேய்ந்து இழுபட்டுத் தண்டோடு ஒட்டிற்று. தண்டு இறுகி நிற்கப் பெல்ற்றின் பற்கள் உரிந்தன. வேறொரு தலை தேடி வாங்கும்வரை அவருக்கு உழைப்பில்லை. இரண்டு நிமிடக் கவனம் இதனைத் தடுத்திருக்கும்.

இனி முறையைக் கூறுவாம். ஒவ்வொரு மூடியின் மேலும் அடையாளம் வார்க்கப்பட்டிருக்கும். ஆங்கில ‘ஐ’ எழுத்து வாயு உட்செல்லும் பக்கத்துத் தண்டையும், ‘ஈ’ எழுத்துப் புகை வெளியேறும் பக்கத்துத் தண்டையும் குறிக்கும். உடனுள்ள இலக்கம் வரிசையைக் காட்டும். அம்புக்குறி முன்பக்கத்தை நோக்கவேண்டும். மாணவர் தடுமாறும் மற்றொரு சொல் இந்த ‘முன்பக்கம்’. கொறோலாவில் எஞ்சின் குறுக்காகக் கிடத்தலின், முன்பக்கமென்றது வண்டியின் முகத்தை அன்று. பெல்ற் ஓடும் பக்கத்தையே. கழற்றும்போதே பலகையொன்றில் ஆணியடித்து, வரிசைப்படி மூடிகளையும் போல்ட்டுகளையும் மாட்டிவைத்தல் நன்று. தகர டப்பாவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மண்ணெண்ணெயிற் கழுவும் வழக்கத்தை யாம் வெறுக்கின்றோம்.

போல்ட்டுத் துளைகளில் எண்ணெயோ அழுக்கோ தேங்கி நிற்கலாகாது. தேங்கிய எண்ணெய் அமுக்கப்படுமிடத்துத் தலையில் வெடிப்பை உண்டாக்கும். தண்டு உருளும் இடங்களிலும் மேடுகளிலும் சுத்தமான எஞ்சின் எண்ணெய் பூசுக. போல்ட்டின் புரியிலும் தலையின் அடியிலும் மெல்லிய பூச்சுப் போதும்.

தண்டை வைக்கும்போது சில மேடுகள் வால்வுகளின்மேல் அமர்ந்திருக்கும். சுருள்வில்கள் அவ்விடத்தில் தண்டை மேலே உந்தும். ஒரு முனை மூடியை முதலில் முற்றாக இறுக்கினால் மறுமுனை தூக்கி நிற்கும். தண்டு வளையும், அன்றேல் அதன் பக்க அசைவைத் தாங்கும் தலைப்பகுதி உடையும். ஆதலின், தண்டு எப்போதும் மட்டமாகவே இறங்கல் வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, சுற்றுக்குச் சிறிது சிறிதாக, பல சுற்றுகளில் இறுக்குக. கழற்றும்போது முனைகளிலிருந்து நடுவை நோக்கி வருக. தண்டுகளுள் ஒன்றிலே வில்லுடன் கூடிய இரட்டைப் பற்சக்கரம் உண்டு. கழற்றுமுன் அதனை 6 மில்லிமீற்றர் போல்ட்டொன்றாற் பூட்டிவைக்க மறந்தால், மீளப் பூட்டும்போது பற்கள் பொருந்தா.

இறுதி இறுக்கம் 13 நியூற்றன்மீற்றர். பத்துச் சதமமீற்றர் நீளமான பிடியின் நுனியில் பதின்மூன்று கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டாற்போன்றது இது. சக்கர நட்டுகளை இறுக்கிப் பழகிய கைக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். நீண்ட ஸ்பானரைப் போட்டு ‘இன்னும் ஒரு இழுவை’ இழுப்போர் அலுமினியப் புரியை உரித்துவிடுவர். இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் றெஞ்ச் இல்லாத இடத்தில் இவ்வேலையை ஏற்காதிருத்தலே முறை.

மூடிகள் சரியாக அமைந்தனவோ என்று ஐயுறுவோர், வால்வுத் தள்ளிகளை வெளியே எடுத்துவிட்டு, ஒரு தண்டை மாத்திரம் வைத்து, மூடிகளை முறைப்படி இறுக்கி, விரல்களாற் சுழற்றிப் பார்க்கலாம். தடையின்றிச் சுழலுமாயின் நன்று. இறுகினால் ஒரு மூடியேனும் இடம்மாறியோ திரும்பியோ இருத்தல் கூடும். அன்றேல் தண்டு வளைந்திருக்கும். எண்ணெய் வெளியை அளக்கவும் மெழுகிழை விற்கப்படுகின்றது. எண்ணெயைத் துடைத்து, இழையைத் தண்டின் நெடுக்கே வைத்து, மூடியை இறுக்கி, தண்டைச் சுழற்றாமலே கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிடுக. 0.10 மில்லிமீற்றரைக் கடந்தால் தாங்கி தேய்ந்துவிட்டது என்க. அந்நிலையில் மூடியின் அடியை அரத்தால் அராவி வெளியைக் குறைப்போர் உளர். அவ்வாறு அராவிய துளை வட்டமாயிராது. தண்டு இரு பக்கமும் உரசி, மேலே சொன்ன கேட்டுக்கே இட்டுச்செல்லும்.

முன்மூடியின் ஓரங்களில் எண்ணெய் கசியாதிருக்கப் பசை பூசவேண்டும். மெல்லிதாகப் பூசுக, பிதுங்கிய பசை எண்ணெய்த் துவாரத்தை அடைக்கும். எல்லாம் பூட்டியபின், எஞ்சின் குளிர்ந்திருக்க, வால்வு இடைவெளியை அளந்துகொள்க: உட்செல்லும் பக்கத்தில் 0.15 முதல் 0.25 வரை, வெளியேறும் பக்கத்தில் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர் வரை. பெல்ற்றை மாட்டிய பின்னர், சாவியைத் திருப்புமுன், கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அடையாளக் கோடுகள் மீண்டும் நேர்படுகின்றனவோ என்று பார்த்தல் வேண்டும்.