பேட்டரியை மாற்றும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் புது பேட்டரி வாங்கிவிடுவது பலரது வழக்கம். ஆனால் கோளாறு, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவெல்லாம் நின்ற காரில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே சுமார் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை ஏற வேண்டும். ஏறாமல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி போட்டதும் சரியாகிவிட்டதே என்பார்கள். கடையில் ஏற்றித் தந்த சார்ஜ் தீரும்வரை கார் ஓடத்தான் செய்யும். அது ஆல்டர்னேட்டருக்கு நற்சான்று அல்ல. புது மாடல்களில் எரிபொருளை மிச்சப்படுத்த கம்ப்யூட்டரே வோல்ட்டைக் குறைக்கும் என்பது நியாயமான மறுப்பு. அதனால் ஒரே அளவை நம்பாமல், ஹெட்லைட்டையும் ஏசி புளோயரையும் போட்டு மறுபடி பாருங்கள்.

காதும் உதவும். ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது என்று சந்தேகிக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உறுமல் கூடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். கத்தல் சட்டென நின்று பேட்டரி விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். பல கார்களில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுழல்கிறது. மேலும் ஓட்டினால் எஞ்சின் கொதித்துவிடும், உடனே ஓரங்கட்டுங்கள். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் எந்த மெக்கானிக்கையும் செய்யவிடாதீர்கள்: அந்த நொடியில் எகிறும் வோல்ட், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவையே பொசுக்கிவிடலாம்.