மலைத் தோட்டத்துக்குப் போகும் ஜிம்னி: எத்தனை இன்ச் தூக்கலாம்?

கேள்வி: நாமக்கல்லில் குடியிருக்கிறோம். கொல்லிமலையில் மிளகும் காபியுமாக நாலு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. வாரம் இரண்டு முறை ஐந்து கதவு ஜிம்னியில் போய் வருகிறேன். தார் ரோடு முடிந்த பிறகு கடைசி ஒன்றரை கிலோமீட்டர் கல்லும் பள்ளமுமான மண் பாதை. காலியாகப் போகும்போது சிக்கல் இல்லை. மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வண்டியின் அடிப்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் இடிக்கிறது. மெக்கானிக் மூன்று இன்ச் லிஃப்ட் கிட் போடச் சொல்கிறார். நண்பர் இரண்டு இன்ச் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. காலி வண்டி இடிக்கவில்லை, சுமை ஏறிய வண்டிதான் இடிக்கிறது. இந்த ஒரு வரியிலிருந்தே எங்கே கை வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில். அதன் நடுவே உருண்டையாகத் தொங்குகிறதே, அந்த டிஃபரன்ஷியல், சக்கரத்தோடு சேர்ந்தது. வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றினாலும் தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறாது. டயர் நசுங்கும் அளவுக்குத்தான் குறையும். சுமை ஏறியதும் இறங்குவது ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற பாடியும் சேஸியும்தான். ஆகவே உங்கள் வண்டியில் இடிப்பது பெரும்பாலும் ஆக்சில் அல்ல. சேஸியின் நடுப்பகுதியோ பின்பகுதியோ.

ஊகத்தோடு நிற்க வேண்டாம், அளந்து பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் வீல் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான மூட்டைகளை ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சுமையில் நீங்கள் இழக்கும் உயரம். அடுத்து, வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவிக் காயவிட்டு, டிஃபரன்ஷியல், நடுவில் இருக்கும் கியர் பாக்ஸ் தாங்கி, சேஸி ஓரம் ஆகிய இடங்களில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுங்கள். அதே பாதையில் அதே சுமையோடு ஒருமுறை வந்துவிட்டு, டார்ச் எடுத்துக் குனிந்து பாருங்கள். சுண்ணாம்பு எங்கே உரிந்திருக்கிறதோ அந்த இடம்தான் இடிக்கிறது.

உரிந்தது டிஃபரன்ஷியல் என்றால் லிஃப்ட் கிட்டால் பயனில்லை. மூன்று இன்ச் என்ன, ஆறு இன்ச் தூக்கினாலும் பாடிதான் மேலே போகும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும், அதிலும் விட்டம் கூடுவதில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். ஜிம்னியோடு வரும் 195/80 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ. அதை 215/75 ஆர் 15 ஆக்கினால் கிடைப்பது 5 மி.மீ. 235/75 ஆர் 15 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும்; ஆனால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63-க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள், ஏற்றத்தில் இழுவையும் குறையும். இப்படிப்பட்ட இடத்தில் டயரைவிட ஓட்டும் முறைதான் கைகொடுக்கும். கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடாதீர்கள். ஒரு சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றி இறக்குங்கள்.

உரிந்தது நடுப்பகுதி என்றால் லிஃப்டுக்கு அர்த்தம் உண்டு. மேட்டின் உச்சியில் வயிறு தட்டாமல் கடக்க உதவும் கோணம் உங்கள் ஐந்து கதவு ஜிம்னிக்கு 24 டிகிரி. வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்கு 28. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உங்கள் வண்டி 340 மி.மீ. நீளம் அதிகம் என்பதுதான் காரணம். வண்டியை 40 மி.மீ., அதாவது ஒன்றரை இன்ச் உயர்த்தினால் இந்தக் கோணம் மூன்றரை டிகிரி அளவுக்குக் கூடும். நீளத்தால் இழந்ததில் பெரும்பகுதி அந்த ஒன்றரை இன்ச்சிலேயே திரும்பக் கிடைத்துவிடும்.

இனி சுமைக் கணக்கு. ஐந்து கதவு ஜிம்னியின் வெற்று எடை ஏறக்குறைய 1,200 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஆளும் சரக்கும் சேர்த்து மிஞ்சுவது 340 கிலோ சுற்றித்தான். இரண்டு பேரும் 50 கிலோ மூட்டை நான்கும் ஏறினாலே கணக்கு முடிந்துவிடுகிறது. இதற்கு மேல் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டினால், ஒரு மூட்டையைக் கீழே இறக்கத்தான் வேண்டும். எந்த ஸ்பிரிங்கும் இந்த எல்லையை உயர்த்தித் தராது. எல்லைக்குள் சுமை ஏற்றும்போது பின்பக்கம் அமுங்காமல் தாங்குகிற, சற்றே கடினமான பின் ஸ்பிரிங்தான் உங்களுக்குத் தேவை. ஸ்பிரிங் வாங்கும்போது எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை கிலோ சுமைக்கானது என்று கேளுங்கள்.

அப்படியானால் மூன்று இன்ச் போட்டால் என்ன கெடுதல்? மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். வாரம் இரண்டு முறை என்றால் ஏறி இறங்கி 280 வளைவுகள். கல் பாதை ஒன்றரை கிலோமீட்டர்தான். வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி வளைவுகளில்தான் கழிகிறது. ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720. அகலத்தைவிட உயரம் கூடின வண்டி அது. எடை மையத்தை இன்னும் மேலே கொண்டுபோய், பின்னால் மூட்டையும் ஏற்றி, வளைவில் திருப்பினால் சாய்வது கூடும். வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி.கூட நிறுவனம் வடிவமைத்த உயரத்துக்காகக் கணக்கிடப்பட்டதுதான்.

இன்னொன்று ஸ்டியரிங். உயரம் கூடக்கூட முன் ஆக்சில் சற்றே சுழன்று கேஸ்டர் கோணம் குறைகிறது. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வருவது இந்தக் கோணத்தால்தான். நான் முன்பு வைத்திருந்த ஜிப்சியில், ஸ்பிரிங்கைச் சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமானதாக மாட்டி முன்பக்கத்தை உயர்த்தினேன். சமதளத்தில் எதுவும் தெரியவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் இறங்கும்போது, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திருப்பிய இடத்திலேயே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் கையால் இழுத்து நேராக்கிக்கொண்டே இறங்கினேன். மறுநாளே பழைய ஷேக்கிளை மாட்டிவிட்டேன்.

மூன்று இன்ச் போட்டால் கேஸ்டரைச் சரிசெய்யும் புஷ், ஆக்சில் பக்கவாட்டில் நகராமலிருக்க நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்டு ராடு, நீளமான பிரேக் ஹோஸ், நீளமான ஷாக் அப்சார்பர் எல்லாம் தேவைப்படும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணத்தால் அதிர்வு வரலாம். இவையெல்லாம் இல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

என் முடிவு: சுமைக்கேற்ற பின் ஸ்பிரிங், அதற்கு இணையான முன் ஸ்பிரிங், பொருத்தமான ஷாக், மொத்த உயர்வு ஒன்றரை இன்ச். இரண்டைத் தாண்ட வேண்டாம். மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பார்த்து, ஹெட்லைட்டையும் தாழ்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் எதிரே ஏறி வருகிறவர் கண் கூசும்.

கேள்வி: என்னிடம் 2020-க்குப் பிந்தைய தார் வண்டி இருக்கிறது. முன்பக்கம் மட்டும் இரண்டு இன்ச் ஸ்பேசர் வைத்துத் தூக்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: உங்கள் வண்டியின் முன்பக்கம் ஜிம்னி மாதிரி அல்ல. இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு; முன் டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்தது. அதனால் லிஃப்ட் போட்டால் அதுவும் உயரும், அது லாபம். ஆனால் டிஃபரன்ஷியல் மேலே போய்ச் சக்கரம் கீழேயே நிற்பதால், இரண்டையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்கிறது. அதன் ரப்பர் பூட் கிழிந்து, உள்ளே மண் புகுந்து, சி.வி. ஜாயின்ட் தேய்ந்துபோகும். சக்கரம் கீழே இறங்கும் தூரமும் குறையலாம். அப்படிக் குறைந்தால் பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுழலும். தார் ஏற்கெனவே 226 மி.மீ. இடைவெளியோடு வருகிறது. ஒரு இன்ச்சுக்கு மேல் ஸ்பேசர் வைக்காதீர்கள்.

கேள்வி: லிஃப்ட் கிட் போடுவது சட்டப்படி சரியா?
— வாசகர், திருச்சி

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே உறுதி செய்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே கிட் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.