க்யூஆர் அட்டை யார் பேரில் இருக்கு?



காடாம்புலியூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஊக்குநர் ஒரு தாளை எங்களிடம் நீட்டினார். வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவம். கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பேரில் விற்பனை 6,00,000 ரூபாய், வரிப் பிடித்தம் 600 ரூபாய் என்று இருந்தது.

"மேடம், நாங்க பத்து பேரு ஒடைச்சு, தோல் உரிச்சு வித்த முந்திரி. எனக்குக் கையில நின்னது கூலிதான். ஆறு லட்சத்துக்கு நான் எப்படிங்க பதில் சொல்றது?" என்றார். இரண்டு நாளாக வீட்டில்கூடச் சொல்லவில்லையாம், பாவம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். அந்த ஆறு லட்சம் லாபம் இல்லை, வரியும் இல்லை. ஆன்லைன் கம்பெனி மூலம் விற்ற பொருளின் மொத்த விலை. கம்பெனி எடுத்த கமிஷன், கொட்டை வாங்கிய செலவு, கூலி எதுவும் அதில் கழியாது. அதனால்தான் பாஸ்புக்கில் ஏறிய தொகைக்கும் படிவத்துக்கும் ஒத்துப்போகாது. அமெரிக்காவில் சிறு வியாபாரிகளுக்கு வரும் 1099-கே படிவத்திலும் இதே கதைதான்.

இந்தப் பிடித்தம் 2020 அக்டோபரில் வந்தது; சட்டத்தில் 1 சதவீதம். 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம். தனிநபருக்கு ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் பிடிக்கமாட்டார்கள். கொடுக்காவிட்டால் 5 சதவீதம்! 600 ரூபாய் போகிற இடத்தில் 30,000 போயிருக்கும். பான் எண்ணை ஆதாரோடு இணைக்காதவர்களுக்கும் இதே கதிதான். உடனே பாருங்க.

பிடித்த பணம் நம் பேரில்தான் இருக்கிறது. வரி கட்டும் அளவு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்பி வரும்.

கடையில் யூபிஐயில் பணம் வாங்குவதற்கென்று தனி வரி கிடையாது. ஆனால் கணக்கு பதிவாகிறது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவைப் பார்த்தே வணிகவரித் துறை ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி விற்றவருக்கும் போனது. பயந்துபோய் பலர் க்யூஆர் அட்டையையே எடுத்துவிட்டார்கள். மாதக் கடைசியில் அரசு இறங்கி வந்தது. நம் மாநிலத்தில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்றால் அதற்கு முன்பேகூட வேண்டியிருக்கும்.

நம் குழுக்களில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அவசரத்துக்கு ஒருத்தர் போன் நம்பரில் க்யூஆர் எடுக்கிறோம், ஒருத்தர் பான் எண்ணில் ஆன்லைன் கடை திறக்கிறோம். குழுவின் விற்பனை முழுக்க அந்த ஒருத்தர் தலையில் ஏறுகிறது. (இதை முதலிலேயே சொல்லாதது எங்கள் தவறும்தான்.) குழுவின் சேமிப்புக் கணக்குக்கே க்யூஆர் தரச் சொல்லி வங்கியில் கேளுங்கள். குழுவுக்கும் பான் எண் வாங்கலாம்.

அந்த ஊக்குநருக்குக் கைகொடுத்தது தீர்மான நோட்டும், பத்து பேரும் பங்கு வாங்கிக் கையெழுத்துப் போட்ட பக்கமும்தான். கொட்டை வாங்கிய சீட்டு இரண்டு மாதத்துக்கு இல்லை. மண்டியில் நகல் கேட்டு அவரோடு நாங்களும் அலைந்தோம். பிறகு ஆடிட்டரைப் பார்த்து ரிட்டர்ன் போட்டார். 600 ரூபாய் திரும்பி வந்ததும் குழு ரொக்கப் புத்தகத்தில் வரவு வைத்தார்கள். ஆடிட்டர் பீஸை யார் கொடுப்பது என்றுதான் அடுத்த கூட்டத்தில் பேச்சு.