மாஅத் என்னும் எகிப்தியச் சொல்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

எகிப்து என்றதும் நம் நினைவிற்கு வருவன பிரமிடுகளே. அவற்றிற்கு நிகரான சொல் ஒன்றையும் அந்நாட்டு முன்னோர் விட்டுச் சென்றுள்ளனர். அதுவே 'மாஅத்'.

பண்டைய எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் வழியை 1822-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் கண்டறிந்தார். அவ்வெழுத்து முறையில் மெய்யொலிகளை மட்டுமே எழுதுவர், உயிரொலிகளை எழுதுவதில்லை. ஆகவே 'மாஅத்' என்பது இக்கால அறிஞர்கள் வசதிக்காக ஒலிக்கும் முறையாகும்.

இச்சொல்லுக்கு உண்மை, நீதி, ஒழுங்கு என்னும் பொருள்கள் உண்டு. ஞாயிறு நாள்தோறும் உதிப்பதும், அரசன் நேர்மையாக ஆள்வதும் மாஅத்தே. இதன் எதிர்ச்சொல் 'இஸ்ஃபெத்'. அநீதி, குழப்பம் என்பன அதன் பொருள்.

இனி இலக்கணம் காண்போம். ஈற்றிலுள்ள 'த்' பெண்பால் விகுதி. 'சென்' என்றால் சகோதரன். 'செனெத்' என்றால் சகோதரி. அதுபோலவே 'மெய்யான' என்று பொருள்படும் 'மாஅ' என்பதோடு 'த்' சேர்ந்து மாஅத் ஆயிற்று. மாஅத்தைத் தலையில் நெருப்புக்கோழியின் இறகு சூடிய பெண் தெய்வமாகவும் தீட்டினர்.

இறந்தவரின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டிலும், மாஅத்தின் இறகை மறு தட்டிலும் வைத்து நிறுப்பார்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. அத்தீர்ப்பில் வென்றவர் என்னும் கருத்தில், இறந்தவர் பெயருக்குப் பின் 'மாஅ கெரு' என எழுதினர். 'குரலில் மெய்யானவர்' என்பது இதன் நேர்ப்பொருள். இறந்தவர் பெண்ணாயின் 'மாஅத் கெரு' என்றும் எழுதுவதுண்டு.

இச்சொல்லோடு சேரும் இரு வினைகளே என்னைச் சிந்திக்க வைத்தன. 'ஜெத் மாஅத்' என்றால் மாஅத்தைப் பேசுதல். 'இரி மாஅத்' என்றால் மாஅத்தைச் செய்தல். பேசும் உண்மைக்கும் செய்யும் நீதிக்கும் ஒரே சொல்!

ஒருமுறை தோழி ஒருத்தி, தான் செய்யாத பிழைக்குத் தண்டனை பெற்றாள். நடந்தது எனக்குத் தெரியும். என்னை எவரும் கேட்கவில்லை; நானும் வாய் திறக்கவில்லை. "நான் பொய் சொல்லவில்லையே" என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இச்சொல்லைக் கற்ற பிறகு அந்தத் தேறுதல் நிலைக்கவில்லை. பொய் சொல்லாமல் இருந்தேன். ஆனால் நீதி செய்யவில்லை. மறுநாளே ஆசிரியையிடம் சென்று நடந்ததைக் கூறினேன். தோழியிடம் மன்னிப்பும் கேட்டேன்.

தோழியரே! உண்மையைப் பேசுவதோடு நில்லாமல், அதைச் செய்யவும் முயல்வோமாக!